கணக்கப்பிள்ளையும் அளவு ஜக்கும்

எங்கள் தோட்டத்து லயத்தில் ஒரே வரிசையாகப் பன்னிரண்டு காம்பரா, ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். கக்கூஸ் வரிசை கடைசிக் காம்பராவையும் தாண்டி ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. நாங்கள் குடியிருப்பது முதல் காம்பராவில். ஆகவே நான் ஒதுங்கப் போகவேண்டுமென்றால் பதினொரு வாசலைக் கடந்து போக வேண்டும், வேலை முடிந்ததும் அதே பதினொரு வாசலைக் கடந்து திரும்ப வேண்டும். அறுபத்தாறு வயதில் புரொஸ்டேட் வீங்கிக் கிடக்கும் ஒருவனுக்கு இதைவிடப் பகிரங்கமான வாழ்க்கை அமையாது.

அந்த வாசல்களில் உட்கார்ந்திருப்பவர்களும் சும்மா ஆட்கள் அல்ல. எல்லோரும் ஒரு காலத்தில் என் தராசில் கொழுந்து போட்டவர்கள். நான் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி மலைக்கு அனுப்புவேன். பிறகு காலை, பகல், அந்தி என்று மூன்று தடவை மடுவம் என்ற நிறுவைக் கொட்டகையில் நின்று கொழுந்து நிறுத்து எழுதுவேன். ஒரு நிறுவைக்கு ஈரத்துக்கென்று ஒரு கிலோ, சாக்குக்கென்று ஒரு கிலோ கழித்துவிட்டு மீதியைத்தான் பெயருக்கு நேரே போடுவது. மழை பெய்யாத மாதத்திலும் ஈரத்துக்குக் கழிப்போம். அது நான் கண்டுபிடித்தது அல்ல. எனக்கு முன்னால் இருந்தவர் கழித்தார், நானும் கழித்தேன். வேண்டியவர், வேண்டாதவர் என்று பார்க்காமல் எல்லோருக்கும் ஒரேமாதிரிக் கழித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஓய்வு பெற்றதும் குவாட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனைவியின் பெயரில் இருந்த இந்த லயக் காம்பராவுக்கு வந்தோம். மனைவியும் என் மலையில் கொழுந்து பறித்தவள்தான். அறுபது வயதுவரை கூடையை இறக்கவில்லை.

கடைசிக் காம்பராவில் ஓர் அக்கா இருக்கிறார். லயத்தில் எல்லோருக்குமே அவர் அக்காதான். முழங்கால் வலி என்று நாள் முழுக்க இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். கண் மட்டும் நன்றாகத் தெரியும். நான் மேட்டில் ஏறும்போதெல்லாம் எண்ணிக்கொண்டே இருப்பார்.

"ஐயா, இது ஏழாவது நடைங்க. பகல் நிறுவைக்கே ஏழுன்னா, அந்திக்குள்ள ரெண்டு பேரு போட்டுருவீங்க போலருக்கே!"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். சொன்ன கிலோ சேர்ந்தால் முழுப்பேர், சேராவிட்டால் அரைப்பேர். எத்தனையோ தடவை அந்த அக்காவுக்கு அரைப்பேர் போட்டவன் நான். இப்போது அவர் எனக்குப் பேர் போட்டுக்கொண்டிருந்தார். நான் நடையை எட்டிப் போட்டேன். அவசரத்தில் இருப்பவனுக்கு வாய் ஓடாது.

வியாதி இன்னதென்று லயத்துக்குத் தெரிந்ததும் வைத்தியம் தானாக வரத் தொடங்கியது. ஒரு வீட்டிலிருந்து பார்லித் தண்ணீர் வந்தது. ஒரு வீட்டிலிருந்து வாழைத்தண்டு வந்தது. நெருஞ்சி முள்ளைக் கஷாயம் வைத்துக் குடித்தால் மூன்றே நாளில் குணம் என்றார் ஒருவர். குடித்தேன், மூன்று நாளும் வாய்க் கசப்பு போகவில்லை, வேறொன்றும் நடக்கவில்லை. தேத்தண்ணீரை நிறுத்து என்று பலர் சொன்னார்கள். சொன்ன அத்தனை பேரும் கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடுதான் சொன்னார்கள்.

பிறகு கினிகத்தேனைப் பக்கம் ஒரு வெத மாத்தயா, சிங்கள நாட்டு வைத்தியர், நல்ல கைராசிக்காரர் என்று கேள்விப்பட்டுப் போனேன். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார். பொல்பலா இலையை ஒரு கட்டு கொடுத்து, அவித்துக் குடிக்கச் சொன்னார். கடைசியில், "ஹொந்தட்ட வத்துர பொன்ன" என்றார். நன்றாகத் தண்ணீர் குடி என்று அர்த்தம். நானோ அடிக்கடி போகவேண்டி வருகிறதே என்ற பயத்தில் தண்ணீரையே ஏறக்குறைய மறந்திருந்தேன். அவர் சொன்னபடி ஒரு நாள் குடித்தேன். அன்றைக்குக் கடைசிக் காம்பரா அக்கா பதினைந்தோடு எண்ணுவதை நிறுத்திவிட்டார். "ஐயா, பேசாம அந்த மேட்டுலயே ஒரு நாற்காலி போட்டு ஒக்காந்துக்கங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. சரியான யோசனை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

இப்படியே சிரித்துக்கொண்டும் எரிந்துவிழுந்துகொண்டும் காலத்தை ஓட்டியிருப்பேன். ஆனால் வவுனியாவில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள் ஒரு நாள் போனில் கூப்பிட்டாள். கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அது ஆறாவது மாதம்.

"அம்மாவ மட்டும் பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டு நீங்க அங்கயே இருந்துறாதீங்கப்பா. பிள்ள பொறக்கும்போது நீங்களும் இங்க இருக்கணும்."

"வராம இருப்பேனாம்மா?" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகுதான் வழியைக் கணக்குப் பார்த்தேன். ஹட்டனில் ஏறி, கண்டியில் மாறி, வவுனியாவுக்குப் போய்ச் சேர ஏழு மணி நேரம். எங்கள் தோட்டத்திலிருந்து ஹட்டன் டவுனுக்குப் போகிற முக்கால் மணி நேரமே எனக்குத் தாங்காது. அதற்கு முந்தின மாதம்தான் பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி, ஒரு வளைவில் இறங்கி, தேயிலைக்குள் ஓடினேன். ஆள் இல்லாத மலை என்று நினைத்துத்தான் போனேன். நாலு செடி தள்ளிப் பத்துப் பெண்கள் நிமிர்ந்தார்கள்.

"நம்ம பழைய கணக்கப்பிள்ளை ஐயாடி! ரிட்டயராகியும் கொழுந்து செக் பண்ண வந்துட்டாரு!"

பஸ்ஸில் இருந்தவர்களும் கேட்டுச் சிரித்தார்கள். போன காரியம் நடக்காமலே திரும்பி ஏறினேன்.

மனைவியிடம், "நீ மட்டும் போயிட்டு வா" என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள், சுளகை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "ஒங்கள இந்த நெலமையில உட்டுட்டு நான் போயி அங்க நிம்மதியா இருப்பேனா? போனா ரெண்டு பேரும் போவோம். இல்லாட்டி ஒருத்தரும் போக வேணாம்." அவள் சொன்னால் சொன்னதுதான். முதல் பிரசவத்தில் பெற்ற தாய் பக்கத்தில் இல்லாமல் போவது என் மூத்திரப் பையால்தான் என்றால், அந்தப் பழியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது? அடுத்த கிழமையே டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

அங்கே இருந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை, ஒரு டாக்டரம்மா. என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். அவ்வளவு சின்னப் பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது என்று நான் கூரையைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன்.

"வெக்கப்படாமச் சொல்லுங்கோ ஐயா. ஒரு நாளைக்கு எத்தினை தரம் போறனீங்கள்?"

"அதுங்க டாக்டரம்மா, எங்க லயத்து அக்காவுக்குத்தான் சரியா தெரியும்" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. மனைவி விளக்கினாள்.

பிறகு செய்த பரிசோதனையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. டாக்டரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னார், படுத்தேன். சுவரில் ஒரு பல்லி இருந்தது. மற்றது அதற்கும் எனக்கும் தெரியும்.

இரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். எல்லா ரிப்போட்டும் வந்த அன்று டாக்டரம்மா, "பயப்பிட ஒண்டும் இல்லை, ஐயா. புற்றுநோய் இல்லை. வயசு போக ஆம்பிளையளுக்கு இந்தச் சுரப்பி வீங்கிறது வழமைதான்" என்றார். மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் கும்பிடத் தோன்றியது; ஆனால் பல்லி ஞாபகம் வந்து கை எழவில்லை.

"ஆறு கிழமைக்கு இந்தக் குளிசையை ஒழுங்காப் போடுங்கோ. கடைசி மூண்டு நாளும், போற ஒவ்வொரு தரமும் இந்த ஜக்கில பிடிச்சு, எவ்வளவு எண்டு பாத்து, நேரத்தோட இந்தத் தாளில எழுதிக்கொண்டு வாங்கோ. அதை வச்சுத்தான் மருந்து மட்டும் காணுமோ, ஒப்பரேசன் வேணுமோ எண்டு பாக்கலாம்."

கோடு போட்ட பிளாஸ்டிக் ஜக்கு ஒன்றும், கட்டம் போட்ட தாள் ஒன்றும் தந்தார். உள்ளதைச் சொல்கிறேன், அந்தத் தாளைக் கையில் வாங்கியதும் எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. நேரம் ஒரு கட்டம், அளவு ஒரு கட்டம். ஆறு வருடமாக நான் எதையும் நிறுத்து எழுதவில்லை. திரும்ப வேலைக்குக் கூப்பிட்டதுபோல இருந்தது.

மருந்து நன்றாக வேலை செய்தது. மூன்றாவது கிழமையிலிருந்தே எனக்கு வித்தியாசம் தெரிந்தது. முக்கிக்கொண்டு நிற்கிற வேலை குறைந்தது, நடையும் குறைந்தது. கடைசிக் காம்பரா அக்கா கவலைப்பட ஆரம்பித்தார். "என்னங்கய்யா, பகலாகியும் மூணு நடைதான் ஆகியிருக்கு. இன்னிக்கி ஒங்களுக்கு அரைப்பேருதான்."

கடைசி மூன்று நாளும் வந்தது. ஜக்கைத் தூக்கிக்கொண்டு பதினொரு வாசலைக் கடப்பதற்கு நான் தயாராக இல்லை. வீட்டுக்குப் பின்னால் குளிப்பதற்குத் தகரம் அடித்த ஒரு மறைப்பு இருக்கிறது. அங்கேயே காரியத்தை முடித்து, ஜக்கைக் கற்கட்டின் மேல் வைத்து, அளவைப் பார்த்துக்கொண்டு, உள்ளே போய் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுதுவேன். சிவப்புப் பேனையால் ஓரம்கூடக் கட்டினேன். மூன்று நாள் முடிந்து பார்த்தபோது, ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தல் இல்லை. பெரிய துரையிடம் காட்டக்கூடிய தாள்.

டாக்டரம்மா அந்தத் தாளை மேலிருந்து கீழே பார்த்தார். திரும்பவும் பார்த்தார். முகம் மாறியது.

"நூறு, எண்பது, நூற்றிப்பத்து... இது காணாது, ஐயா. பை முழுசாக் காலியாகுதில்லை எண்டு நினைக்கிறன். மருந்து பிடிக்கேல்லைப் போல. நான் கண்டிக்கு எழுதித் தாறன். ஒப்பரேசன்தான் செய்யவேண்டி வரும். அதுவரைக்கும் ஒரு குழாய் போட்டு விடுறது நல்லது."

மகளுக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. குழாயையும் பையையும் தொங்கப் போட்டுக்கொண்டு நான் எந்தப் பஸ்ஸில் ஏறுவது?

"ஆனா டாக்டரம்மா, எனக்கு நல்லாத்தாங்க இருக்கு. முந்திக்கு இப்ப எவ்வளவோ தேவலங்க."

"உங்கட கையாலதானே எழுதினீங்கள், ஐயா?" என்று தாளை என் பக்கம் திருப்பினார். என் கையெழுத்துத்தான். நாலு எஸ்டேட்டில் பேர் வாங்கின கையெழுத்து.

பக்கத்தில் நின்ற மனைவி எட்டித் தாளைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். இலக்கம் என்றால் அப்படியில்லை, ஒரு பார்வை போதும்.

"இது தப்புங்க டாக்டரம்மா. எல்லா நம்பருலயும் அம்பது அம்பது கொறையுது."

"உனக்கு எப்புடித் தெரியும்?" என்றேன்.

"நீங்க கண்ணாடி எடுக்க உள்ள போறப்பெல்லாம் நான் ஜக்க எட்டிப் பாத்தேன்."

"அத எதுக்கு நீ எட்டிப் பாக்குற?"

"எதுக்கா? நாப்பது வருசம் தராசு முள்ள எட்டிப் பாத்தவ நான். நீங்க நிறுக்கிற எடத்துல எட்டிப் பாக்காம இருக்க முடியுமா? நேத்து காலையில நூத்தி அறுவதுல நின்னுச்சு. நீங்க நூத்திப் பத்துன்னு போட்டுருக்கீங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கே உறைத்தது. பார்த்தது நூற்று அறுபதுதான். எழுதும்போது கை தானாகக் கழித்திருக்கிறது. ஒரு தடவை அல்ல, மூன்று நாளும், ஒவ்வொரு தடவையும், ஒரு பிசகும் இல்லாமல்.

"அதுங்க... நுரைக்கு முப்பது கழிச்சேங்க" என்றேன்.

"நுரைக்கா?"

"ஆமாங்க. ஏனத்துக்கு இருவது."

டாக்டரம்மா சிரிக்கக் கூடாது என்று நினைத்தார் என்பது எனக்குத் தெரிந்தது. உதட்டைக் கடித்தார், தாளால் முகத்தை மறைத்தார். பிறகு முடியாமல் மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். என்னவோ ஏதோ என்று நர்ஸ் கதவைத் திறந்து பார்த்தார். மனைவி அவருக்கும் விளக்கம் சொன்னாள்: "கொழுந்துக்கு ஈரம், சாக்குன்னு கழிப்பாங்க பாருங்க, அந்தக் கைங்க. சும்மா இருக்காது." நர்ஸின் அம்மாவும் தோட்டத்து ஆள் போலிருக்கிறது. அவர் இன்னும் கூடச் சிரித்தார்.

"சரி. குழாயும் வேண்டாம், கண்டியும் வேண்டாம். இன்னும் மூண்டு நாள் அளந்துகொண்டு வாங்கோ" என்று டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இந்த முறை அம்மா அளக்கட்டும்."

அந்த மூன்று நாளை நான் மறக்க மாட்டேன். மறைப்புக்கு வெளியே பேனையும் தாளுமாக மனைவி நிற்பாள். நான் ஜக்கைக் கொண்டுவந்து நீட்டுவேன். அவள் அதை வாங்கிச் சமதரையில் வைத்து, குனிந்து, கோட்டுக்கு நேரே கண்ணை வைத்துப் பார்ப்பாள். என்ன எழுதுகிறாளோ என்று எனக்குப் பதைக்கும். ஒரு தடவை கழுத்தை நீட்டினேன்.

"எட்டிப் பாக்காதீங்க! தள்ளி நில்லுங்க!"

மடுவத்தில் நான் ஆயிரம் தடவை போட்ட சத்தம் அது. ராகம்கூட மாறவில்லை. தள்ளி நின்றேன்.

இரண்டாம் நாள் பகல், அவள் பீலித் தண்ணீரில் ஜக்கைக் கழுவிக்கொண்டிருந்தபோது விளையாட்டாகக் கேட்டேன். "அந்தக் காலத்துல நான் கழிச்சதுல ஒனக்கு எவ்வளவு போயிருக்கும்?"

"எனக்கு ஒண்ணும் போகலையே" என்றாள். "எப்புடியும் கழிப்பீங்கன்னு தெரியும். ஒரு நிறுவைக்கு ரெண்டு ரெண்டா மூணு நிறுவைக்கு ஆறு கிலோ. அந்த ஆறையும் சேத்துப் பறிச்சிருவேன். அதுக்காகத்தான் தேத்தண்ணிக்கு வராம மலையிலயே நிப்பேன்."

தேத்தண்ணீர் நேரத்தில் எல்லோரும் இறங்கி வர, மலையில் ஒரு தலை மட்டும் தெரிந்துகொண்டிருக்கும். நல்ல உழைப்பாளி என்று நினைத்திருக்கிறேன். அந்த உழைப்பைப் பார்த்துத்தான் பெண் கேட்டேன்.

"கல்யாணம் கட்டின பொறகுமா?"

"பொறகு மட்டும் என்ன, பொஞ்சாதின்னு கழிக்காம உட்டீங்களா?"

அவள் குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே ஜக்கைக் கவிழ்த்து வைத்தாள். எனக்குத்தான் அவமானமாக இருந்தது. எல்லோருக்கும் ஒரேமாதிரி என்று நான் பெருமைப்பட்டது இதை நினைத்துத்தான். அன்று முழுக்க நான் அவளிடம் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை. அவள் எனக்குக் காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவள் எழுதிய தாளில் கோடுகள் கோணலாக இருந்தன. ஆனால் டாக்டரம்மாவுக்கு அதுதான் பிடித்தது. இருநூறு, நூற்றெழுபது, இருநூற்றிருபது. "நல்ல முன்னேற்றம், ஐயா. இப்போதைக்கு ஒப்பரேசன் தேவையில்லை. குளிசையை மட்டும் விட்டிடாதேங்கோ, மூண்டு மாதத்தில திரும்ப வாங்கோ" என்றார். பஸ் ஏறுவதற்கு முந்திய இரண்டு மணி நேரம் தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது, பஸ் நிற்கிற இடத்தில் எல்லாம், வந்தாலும் வராவிட்டாலும், இறங்கிப் போய்வர வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அப்படியே செய்தோம். கிளம்புகிற அன்று கடைசிக் காம்பரா அக்கா இஸ்தோப்பிலிருந்து எழுந்து நின்று வழியனுப்பினார். "போயிட்டு வாங்கய்யா, எத்தன நடைன்னு வந்து சொல்லுங்க" என்றார். கண்டியில் ஒன்று, தம்புள்ளையில் ஒன்று. அவ்வளவுதான். தம்புள்ளையிலிருந்து வவுனியாவரை நான் தூங்கினேன். மனைவி என்னை இரண்டு தடவை எழுப்பி, "வருதா, வருதா" என்று கேட்டதுதான் தொந்தரவு.

நாங்கள் போய் எட்டாம் நாள் பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு காலையில் குடும்ப நல மருத்துவிச்சி பிள்ளையைப் பார்க்க வந்தார். கூடத்துக் கூரை வளையில் ஒரு வட்டத் தராசைக் கட்டி, துணித் தூளியில் பிள்ளையைப் போட்டுத் தொங்கவிட்டார். முள் ஆடியது. நானும் மனைவியும் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டினோம்.

"மூண்டு கிலோ முந்நூறு" என்ற மருத்துவிச்சி பேனையை எடுத்தார். "துணிக்கு இருநூறு கழிப்பம்."

"கழிக்காதீங்கம்மா!" என்றேன். நான் போட்ட சத்தத்தில் பிள்ளை விழித்துக்கொண்டது.

"துணியும் சேர்ந்தெல்லோ நிக்குது, ஐயா?"

"நிக்கட்டுங்க. பிள்ளைக்கே போட்டுருங்க."

மனைவி என் கையைப் பிடித்து நகர்த்தினாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "அவரு கெடக்காரு. வெறுந்துணிய தனியாப் போட்டுப் பாருங்கம்மா" என்றாள். மருத்துவிச்சி போட்டார். முள் கொஞ்சமாக நகர்ந்து எண்பதில் நின்றது. அவர் தலையை ஆட்டிக்கொண்டு, எண்பதை மட்டும் கழித்து அட்டையில் எழுதினார்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "வெறுஞ்சாக்கு எவ்வளவு நிறைன்னு ஒரு நாளாவது போட்டுப் பாத்தீங்களா?"

தராசு என் கையிலேயே இருந்தது. சாக்கும் பக்கத்திலேயே குவிந்து கிடந்தது. ஒரு தடவைகூட எனக்குத் தோன்றவில்லை.

"இல்ல" என்றேன்.

அவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு, "இந்தாங்க, இத நிறுத்துப் பாருங்க. ஒண்ணும் கழிக்காம" என்று பிள்ளையை என் கையில் வைத்துவிட்டு, மருத்துவிச்சிக்குத் தேத்தண்ணீர் ஊற்றப் போனாள். பிள்ளை என் சட்டையை நனைத்தது. நான் அசையாமல் ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்; ஒதுங்கப் போகவேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.